யோசிக்க ஓர் அவகாசம்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் சதுப்பு நிலமும் இறால் குட்டைகளும் சிறு குன்றுகளுமாகக் கிடந்த ஜூரோங்கைத் தொழிற்பேட்டையாக்குவது என்று 1961-ஆம் ஆண்டில் தீர்மானமாகி, குன்றுகளைச் சரித்து அந்த மண்ணைக் கொண்டே சதுப்பைத் தூர்க்கத் தொடங்கிய காலத்தில், ஆலைகள் வருவதற்கு முன்பே போடப்பட்டு ஆளரவமின்றி நீண்டு கிடந்த சாலைகளைக் கண்டவர்கள், அந்தப் பிரயத்தனத்தை முன்னின்று நடத்திய நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் அசட்டுத்தனம் என்றே அதைக் குறிப்பிட்டார்கள். 1963-ல் நேஷனல் அயர்ன் அண்ட் ஸ்டீல் மில்ஸ் என்னும் இரும்பாலை அங்கே முதல் ஆலையாக உற்பத்தியைத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து கப்பல் பட்டறைகளும் மர ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் வரிசையாக வந்து சேரவே, அந்தப் பேச்சு தானாக ஓய்ந்தது. இரும்பாலையில் என் தகப்பனாருக்கு வேலை கிடைத்ததை முன்னிட்டு, தாமான் ஜூரோங்கில் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடி வீடுகளில் ஒன்றுக்கு நாங்கள் குடிவந்தபோது நான் மீசை அரும்பாத சிறுவன்.

ஊரை உண்டாக்கிய அதே மனிதர்தாம் பின்னாளில் கல்வியமைச்சராகவும் ஆனார். 1979-ல் அவர் தலைமையில் வெளியான அறிக்கையை ஒட்டி, 1981 முதல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிறப்பு, விரைவு, வழக்கநிலை என்று மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டார்கள். முதலிரண்டு பிரிவினரும் நான்கு ஆண்டுகளில் சாதாரண நிலைத் தேர்வை எழுதுவார்கள். வழக்கநிலைப் பிரிவினர் நான்காம் ஆண்டில் தங்களுக்கென்று ஏற்பட்ட வேறொரு தேர்வை எழுதி, அதில் நன்றாகத் தேறியவர்கள் மட்டும் ஐந்தாம் ஆண்டில் சாதாரண நிலைத் தேர்வுக்கு அமர்வார்கள். பள்ளியைப் பாதியில் விட்டுச் செல்லும் பிள்ளைகளின் தொகையைக் குறைக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். அந்த நோக்கம் பெருமளவில் நிறைவேறியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், நிதானமாகக் கற்கிற ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு கொடுப்பது எத்தனை பெரிய உபகாரமாக இருந்திருக்கக்கூடுமோ, அத்தனைக்கு அத்தனை அந்த ஓராண்டு வீடுகளில் அவமானமாகப் பாவிக்கப்பட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். என்னிடம் டியூஷனுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டோ, அது தங்கள் மீது விழுந்துவிடக் கூடாதென்ற பயத்தைச் சுமந்துகொண்டோதான் என் வாசற்படி ஏறினார்கள்.

நான் படித்தது மேக்ஸ்வெல் சாலையிலிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில். 1946-ல் தொடங்கப்பெற்று, 1960-ல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982-ல் மூடப்பெற்ற அந்தப் பள்ளியைப் போலத் தமிழையே போதனா மொழியாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி சிங்கப்பூரில் வேறு இருந்ததில்லை. விடியுமுன் ஜூரோங்கில் பஸ் ஏறி, நகரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு பாடத்தைப் படித்து முடித்துவிடலாம். பௌதிகத்தையும் ரசாயனத்தையும் கணிதத்தையும் தமிழிலே கற்று, நான்கு இலக்க லாகரிதம் அட்டவணையை விரல் நுனியில் வைத்திருந்த நான், ஒரு கப்பல் பட்டறையின் வரைபட அறையில் வேலைக்கமர்ந்த பிறகு, பிரின்ஸ் எட்வர்ட் சாலையில் அப்போதிருந்த சிங்கப்பூர் பாலிடெக்னிக்கின் மாலை வகுப்புகளில் அதே விஷயங்களை ஆங்கிலத்தில் அரிச்சுவடியிலிருந்து மீண்டும் கற்க நேர்ந்தது. அப்போது அது தண்டனையாகத் தோன்றியது. ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு பாஷைகளில் இரண்டு முறை கடந்து வந்தவனுக்கு, தனக்குப் புரிந்தது எது, வெறும் வாய்ப்பாடமாக ஒட்டிக்கொண்டது எது என்பது தெளிவாகத் தெரிந்துபோகிறது. பிற்காலத்தில் நான் பிள்ளைகளுக்குக் கற்பித்ததெல்லாம் அந்தத் தெளிவிலிருந்து வந்ததுதான்.

கற்பிக்கத் தொடங்கியது எந்தத் திட்டத்தின் பேரிலும் அன்று. நாங்கள் ஜூரோங் வெஸ்டில் வாங்கிய வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி, பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டுகிற ஒருவர் குடியிருந்தார். ஒரு நாள் மாலை அவருடைய மனைவி வாசலில் வந்து நின்று, “தம்பி, பசியாறியாச்சா?” என்று சம்பிரதாயமாகக் கேட்டுவிட்டு, அதற்கு நான் பதில் சொல்லுமுன்பே, “பையனுக்குக் கணக்கு ஏறவே மாட்டேங்குது. ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கிறது வேகமா போகுதாம். நீங்க கொஞ்சம் பாக்கிறீங்களா?” என்றார். “அனுப்புங்க அக்கா” என்றேன். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்தால் அதுவே வகுப்பறை. பையனோடு அவன் சிநேகிதன் ஒருவன் வந்தான். அவனுடைய தங்கை வந்தாள். கீழ்மாடியிலிருந்து ஒரு சீனப் பெண்ணும் மலாய்ப் பையனும் வந்தார்கள். மாதம் பிறந்தால் கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள். பத்து மாணவர்களோ அதற்கு மேலோ இருந்தால் பள்ளியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். என் மேசையைச் சுற்றி அத்தனை நாற்காலிகளுக்கு இடமும் இல்லை, எனக்கு விருப்பமும் இல்லை.

அந்த முதல் பையனுக்கு இயற்கணிதத்திலே ஒரு வியாதி இருந்தது. சமன்பாட்டில் ஓர் உறுப்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோனால் குறி மாறும் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும். இதை அவன் வேதவாக்காக நம்பி, குணகமாக இருந்த எண்ணையும் அவ்விதமே மறுபக்கம் தள்ளிக் குறியை மாற்றிவிடுவான். மூன்று எக்ஸ் சமம் பன்னிரண்டு என்றிருந்தால், எக்ஸ் சமம் பன்னிரண்டு கழித்தல் மூன்று என்று எழுதி, ஒன்பது என்று விடை காண்பான். இது சோம்பேறித்தனமன்று, தனக்குக் கற்பித்த விதியை அவன் மிகுந்த விசுவாசத்தோடு பின்பற்றினான் என்பதே உண்மை. ஆகவே என் மேசையில், ‘அந்தப் பக்கம் கொண்டுபோவது’ என்ற பேச்சே கூடாதென்று தடை விதித்தேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரே காரியத்தைச் செய். செய்ததை வாய்விட்டுச் சொல். பிறகு அடுத்த வரியை எழுது. இரண்டு பக்கத்தையும் மூன்றால் வகுக்கிறேன் என்று அவன் சொல்லப் பழகியபோது, வகுப்பிலே மற்றவர்கள் ஐந்து கணக்கு முடிக்கும் நேரத்தில் அவன் ஒன்றுதான் முடித்தான். அதற்காக அவன் பள்ளியில் பின்தங்குவதாக ஒரு குறிப்பும் வந்தது. அவன் தாயார் அதை எடுத்துக்கொண்டு கவலையோடு வந்தார். “இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கக்கா” என்று கேட்டுக்கொண்டேன்; பொறுத்தார். அந்த அம்மாளின் பொறுமைக்கு நான் இன்றளவும் கடமைப்பட்டிருக்கிறேன், ஏனென்றால் அதுவே எனக்கு உபாத்தியாயத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது.

அந்தக் குடும்பத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பௌதிகத்தில் திருப்புத்திறன் என்ற பாடம் வந்தது. விசையையும், அது சுழல்மையத்திலிருந்து இருக்கும் செங்குத்துத் தூரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. பையன் சூத்திரத்தை ஒப்பித்தான். ஆனால் கணக்கில் எந்தத் தூரத்தை எடுப்பதென்று தடுமாறினான். ‘ஷிப்ட்’ முடிந்து மகனை அழைத்துப்போக வந்திருந்த தகப்பனார், வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், மெதுவாக உள்ளே வந்து என் பென்சிலை வாங்கி, ஒரு பாரந்தூக்கியை வரைந்தார். “கை உசந்து கிட்டக்க இருந்தா பெரிய பாரம் தூக்கலாம் தம்பி. கை தாழ்ந்து எட்டிப் போகப் போக, அதே பாரத்தைத் தூக்கினா வண்டி கவுந்திடும். உள்ளேயே ஒரு அட்டவணை ஒட்டியிருப்பாங்க, எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு எடைன்னு. பின்னாடி கட்டியிருக்கிற இரும்புக் கட்டி அதுக்குத்தான்” என்றார். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத அந்த மனிதர், நாள்தோறும் தம் உயிரையும் கீழே நிற்கிறவர்களின் உயிரையும் பணயம் வைத்து அந்தப் பாடத்தை நடத்திவந்தவர். அவர் சொன்ன எடைகளையும் தூரங்களையும் பெருக்கிப் பார்த்தபோது, பின்பக்கத்து இரும்புக்கட்டியின் திருப்புத்திறனை மிஞ்சாமல் முன்பக்கம் நிற்பது தெரிந்தது. பையன் தகப்பனாரை நிமிர்ந்து பார்த்த பார்வையில் இருந்த மரியாதைக்கு எந்தப் பள்ளிக்கூடமும் மதிப்பெண் போடுவதில்லை. திருப்புத்திறனில் அதற்குப் பிறகு அவன் தவறு செய்து நான் கண்டதில்லை.

ரசாயனத்திலும் இப்படியே. செப்பு உப்பின் கரைசலில் அம்மோனியாவை விட்டால் வெளிர்நீல வீழ்படிவு வரும், இன்னும் விட்டால் அது கரைந்து அடர்நீலமாகும். இரும்பு இரண்டு என்றால் பச்சை, இரும்பு மூன்று என்றால் செம்பழுப்பு. இந்த வர்ணங்களைத் தேர்வுக்காக அட்டவணையாக உருப்போடுவார்கள். இரும்பு மூன்றின் செம்பழுப்பும், இரும்பாலையிலும் பட்டறையிலும் வேலை செய்கிற தகப்பன்மார்களின் சட்டைகளில் எத்தனை துவைத்தாலும் போகாத துருவின் நிறமும் ஒரே குடும்பம் என்று சொன்னால், அந்தப் பிள்ளைகளுக்கு அட்டவணை தேவைப்படவில்லை. காட்டிகளைப் பற்றிப் பாடம் வந்தபோது, ஆரத்தி கரைக்கும் விதத்தை என் தாயாரைச் செய்துகாட்டச் சொன்னேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது இட்டதும் சிவந்துபோவது, சுண்ணாம்பு காரம் என்பதையும் மஞ்சள் ஒரு காட்டி என்பதையும் தவிர வேறெதையும் தெரிவிக்கவில்லை. அதே தண்ணீரில் எலுமிச்சையைப் பிழிந்தால் சிவப்பு மீண்டும் மஞ்சளாகும். சீனப் பெண் அதைத் தன் வீட்டில் செய்துகாட்டப் போவதாகச் சொல்லி, ஒரு பொட்டலம் மஞ்சள் தூளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

பாடம் ஆங்கிலத்தில்தான், தேர்வும் ஆங்கிலத்தில்தான், 1987-க்குப் பிறகு எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாகிவிட்டது. ஆயினும் தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குப் புரியவில்லை என்பதை ஆங்கிலத்தில் ஒப்புக்கொள்ளத் தயங்குவதையும், தமிழில் பேசத் தொடங்கியதும் அந்தத் தயக்கம் விலகி, எந்த இடத்தில் தடம் மாறினோம் என்பதைத் தாங்களே சொல்லிவிடுவதையும் பலமுறை கண்டேன். வீட்டிலே அம்மாவிடம் எதையும் ஒளிக்காமல் பேசிய பாஷை அது என்பதால் இருக்கலாம்.

என் மேசையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் முதலில் என் மனத்தில் எழுபவள், வழக்கநிலைப் பிரிவிலிருந்து ஐந்தாம் ஆண்டுக்குத் தேறி வந்து, பலருடைய ஆட்சேபணைக்கிடையே கூடுதல் கணிதத்தையும் எடுத்துக்கொண்ட ஒரு பெண். பேசவே மாட்டாள். ஒரு கணக்கைப் போட்டு முடித்த பிறகும் பேனாவை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். 1988 நவம்பரில் கிளமெண்டியிலிருந்து லேக்சைட் வரை எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, எங்கள் தாழ்வாரத்தில் நின்றால் உயரப் பாதையில் ரயில் போவதும் வருவதும் நன்றாகத் தெரியும். வகையீடு தொடங்கிய மாலையில் பிள்ளைகளை வெளியே அழைத்துவந்து, ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட்டு வேகம் பிடித்து, சீராக ஓடி, அடுத்த நிலையத்தை நெருங்கையில் தணிவதைக் காட்டி, அதை நேரத்துக்கும் வேகத்துக்குமான வரைபடமாக வரையச் சொன்னேன். கோட்டின் சரிவு முடுக்கம். கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு கடந்த தூரம். எல்லோரும் சந்தோஷமாக வரைந்தார்கள். பிறகு உள்ளே வந்து, எக்ஸ் வர்க்கத்தின் சரிவை அடிப்படையிலிருந்து காணும் முறையைக் காட்டினேன். எக்ஸ் என்பதை எக்ஸ் கூட்டல் எச் ஆக்கு; வர்க்கப்படுத்து; பழையதைக் கழி; எச்சால் வகு; இரண்டு எக்ஸ் கூட்டல் எச் என்று வரும். எச் பூஜ்யத்தை நெருங்கும்போது இரண்டு எக்ஸ் மிஞ்சும்.

மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. வெகுநேரம் கழித்து, “சார், எச்சால் வகுக்கிறப்போ எச் பூஜ்யம் இல்லைன்னு வச்சுக்கிட்டுத்தானே வகுத்தோம்? அப்புறம் அதையே பூஜ்யம்னு போட்டுட்டோமே. இது நியாயமா?” என்று கேட்டாள்.

பள்ளியில் இதைக் கேட்டாளா என்று விசாரித்தேன். கேட்டதாகவும், தேர்வுக்கு அது வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டதாகவும் கூறினாள். அப்படிச் சொன்னவரை நான் குறைகூற மாட்டேன். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஆகஸ்டுக்குள் பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டிய ஒருவருக்கு அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்தப் பெண் கேட்டது, நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை வகுத்தபோது தங்களாலேயே தீர்க்க முடியாமல் விட்டுவைத்த கேள்வி. 1734-ல் பார்க்லி என்னும் தத்துவ ஞானி, மறைந்துபோன அளவுகளின் ஆவிகளை வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறீர்களா என்ற தோரணையில் கணித அறிஞர்களை மடக்கியது இதே இடத்தில்தான். எச்சைப் பூஜ்யமாக்குவதில்லை, எத்தனை சிறிய வித்தியாசத்தைக் கேட்டாலும் அதற்குள் விடை அடங்கும்படி எச்சைச் சிறிதாக்க முடியும் என்று காட்டுவதே போதும் என்று கோஷியும் வயர்ஸ்ட்ராஸும் அதற்குச் சமாதானம் கண்டு நிலைநிறுத்துவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஐரோப்பாவின் மகா மேதைகள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் திகைத்து நின்ற இடத்தில் ஜூரோங் வெஸ்டில் ஒரு பெண் சில நிமிஷம் திகைத்து நின்றாள். அதன் பெயரால் அவளை மந்தம் என்றார்கள். அன்று மாலை வேறு கணக்கு எதுவும் போடவில்லை. எக்ஸை மூன்று என்று வைத்துக்கொண்டு, எச்சுக்குப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று மதிப்புக் கொடுத்து, சரிவு ஆறை நெருங்கி நெருங்கி வருவதையும், ஆறைத் தவிர வேறெந்த எண்ணையும் அது நெருங்க முடியாதென்பதையும் எல்லோரும் கூடிக் கணக்கிட்டோம். அவள் பிறகு பொறியியல் படித்தாள் என்பதைச் சொல்வதற்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அவள் படிக்காமல் போயிருந்தாலும் அந்த மாலையைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறியிருக்காது.

டியூஷன் என்பதையே இழிவாகப் பேசுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் நான் சொல்வது ராமானுஜனின் விஷயம். 1903-ல், கும்பகோணத்தில், பதினாறு வயது மாணவராக இருந்த ராமானுஜனின் கைக்கு வந்து அவர் புத்தியைத் தட்டியெழுப்பிய புத்தகம், பெரிய கணித மேதை எவரும் எழுதியதன்று. ஜார்ஜ் ஷூபிரிட்ஜ் கார் என்பவர், இங்கிலாந்தில் மாணவர்களைத் தேர்வுக்குத் தயார்செய்யும் தனிப்பயிற்சி ஆசிரியராக இருந்து, தம் தொழிலுக்காகத் தொகுத்த குறிப்புகளிலிருந்து உருவானது. ஏறத்தாழ 5,000 முடிவுகள், பெரும்பாலும் நிரூபணமே இல்லாமல் அல்லது ஒரு சிறு குறிப்போடு. நிரூபணத்தைத் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால் ராமானுஜன் அதில் மூழ்கினார். மற்றப் பாடங்களைக் கைவிட்டுக் கல்லூரித் தேர்வில் தவறினார். உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னையில் ஜீவனத்துக்கு வழி தேடிய நாள்களில் தாமே மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கவும் முற்பட்டார். தேர்வு முறையின் கண்ணுக்குத் தப்பிய ஒருவரை, தேர்வுக்காகவே தொகுத்த ஒரு டியூஷன் ஆசிரியரின் குறிப்புகள் கண்டுகொண்டன. இந்த விந்தையை நான் பல மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் ராமானுஜன் ஆவார்கள் என்பதற்காக அல்ல. விடை மட்டும் அச்சிட்டிருக்கிற ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, அது ஏன் அப்படி என்று உட்கார்ந்து யோசிப்பதும் படிப்புதான் என்பதற்காக.

1991-ல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கப்பெற்றது. இந்திய மாணவர்கள், முக்கியமாகக் கணிதத்தில், பிறரைக் காட்டிலும் பின்தங்கி நிற்பதைப் பற்றிச் சமூகத்துக்கு ஏற்பட்ட கவலையின் பலன் அது. சம்பளம் வாங்குகிற இந்தியர்களிடமிருந்து மத்திய சேம நிதியின் மூலம் மாதந்தோறும் ஒரு சிறு தொகை பெறப்பட்டு, அதைக் கொண்டு குறைந்த கட்டணத்தில் துணைப்பாட வகுப்புகள் நடத்தப்பட்டன. பாரந்தூக்கி ஓட்டுநரும் வங்கி அதிகாரியும் ஒரே நிதிக்குப் பணம் கொடுக்க, அதில் இருவர் பிள்ளைகளில் எவருக்குத் தேவையோ அவர் படிக்கலாம் என்ற ஏற்பாட்டை நான் நெஞ்சாரப் போற்றுகிறேன். லிட்டில் இந்தியாவில் பீட்டி சாலையிலுள்ள அதன் கட்டடத்தைக் கடக்கும்போதெல்லாம், கோயில் மணியும் பூக்கடையும் மளிகைக் கடையும் நிறைந்த அந்த வட்டாரத்தின் அருகே கணக்கும் விஞ்ஞானமும் கற்பிக்கவென்று நம்மவர் சேர்ந்து ஒரு வீடு கட்டிக்கொண்டதில் எனக்கு ஏற்படும் பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் டியூஷன் வேறொரு திசையிலும் வளர்ந்தது. பேரங்காடிகளின் மேல்மாடிகளில் நிலையங்கள் திறந்தன. பேருந்து நிறுத்தங்களில் ஆசிரியர்களின் படங்கள் தோன்றின. 2017, 2018-ஆம் ஆண்டுகளில் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஆண்டொன்றுக்கு டியூஷனுக்குச் செலவிட்ட தொகை 140 கோடி வெள்ளி. 2023-ல் அது 180 கோடி வெள்ளி. தென்கொரியாவில் 1980-ல் அரசாங்கம் தனிப்பயிற்சியையே தடைசெய்து பார்த்து, வசதியுள்ளவர்கள் ரகசியமாக அதைத் தொடர, கடைசியில் 2000-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் தடை செல்லாதென்று தீர்த்தது. சீனா 2021-ல் வேறு விதமாகக் கட்டுப்படுத்தியது. தடையால் இது தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பணம் செலவாவதைக் காட்டிலும் என்னை அதிகம் வருத்துவது, அந்தப் பணம் எதை வாங்குகிறது என்பதே. பள்ளியில் மார்ச்சில் நடத்தப்போகும் பாடத்தை நிலையத்தில் டிசம்பரிலேயே நடத்தி முடித்து, பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் அடுக்கடுக்காக விற்கிற பத்தாண்டு வினாத்தொகுப்புகளை முன்னும் பின்னுமாக இரண்டு முறை போட வைத்து, கேள்வியைக் கண்ட மாத்திரத்தில் கை தானாக விடையை எழுதும்படி பழக்கிவிடுகிறார்கள். பள்ளியின் அவசரத்துக்குப் பரிகாரமாக வந்த ஒன்று, பள்ளியை விட அதிகமாக அவசரப்படுத்துமானால், ஏற்கெனவே மூச்சு வாங்குகிற பிள்ளை எங்கே போய் உட்காருவான்?

இதைப் பற்றி ஒரு தகப்பனார் என்னிடம் மிகுந்த மரியாதையோடு வாதாடியிருக்கிறார். “அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா பரீட்சையில இரண்டு மணி நேரம்தானே குடுக்கிறாங்க? யோசிச்சுக்கிட்டு இருந்தா பேப்பர் முடியுமா?” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிள்ளையின் எதிர்காலத்தைத் தவிர வேறெதையும் அவர் மனத்தில் வைக்கவில்லை. தேர்வு நெருங்கும்போது நானும் கடிகாரத்தை மேசைமேல் வைத்துத் தாள்களை எழுதச் சொல்கிறவன்தான், அந்தப் பழக்கமும் தேவையே. ஆனால் புரிந்துகொண்ட பிள்ளை வேகமாகப் போடப் பழகுவதற்குச் சில வாரங்கள் போதும் என்பதையும், வேகமாகப் போடப் பழகிய பிள்ளைக்குப் பிறகு புரிய வைப்பது மிகக் கடினம் என்பதையும் அவருக்கு என் மாணவர்களின் பழைய நோட்டுப் புத்தகங்களை எடுத்துக் காட்டி விளக்கினேன். தொடக்கக் கல்லூரிக்குப் போனவர்களில் சாதாரண நிலையில் சிறப்பாகத் தேறியும் முதல் ஆண்டிலேயே வகையீட்டிலும் தொகையீட்டிலும் தடுக்கி விழுந்தவர்கள் பலர். அவர்களுக்கு மீண்டும் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்கும்போது, முன்பு வாங்கிய உயர்ந்த மதிப்பெண்ணே ஒரு தடையாக நின்றது. எனக்கு இது தெரியும் என்கிறவனிடம், உனக்குத் தெரியாது என்று எப்படி ஆரம்பிப்பது?

இப்போது பிரிவுகளும் போய்விட்டன. 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து, ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடத்தையும் தங்கள் சக்திக்கேற்ற தரத்தில் படிக்கிற ஏற்பாடு வந்திருக்கிறது. சாதாரண நிலைத் தேர்வு என்ற பெயரும் மறைந்து, 2027 முதல் எல்லோரும் ஒரே சான்றிதழுக்கான தேர்வை எழுதவிருக்கிறார்கள். கணிதத்தில் மெதுவாகவும் தமிழில் வேகமாகவும் ஒரு பிள்ளை போகலாம் என்பதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்ட இந்த மாற்றத்தை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். முன்பே வந்திருந்தால் அந்த ஐந்தாம் ஆண்டின் அவமானத்தை எத்தனையோ பேர் அனுபவிக்காமல் இருந்திருப்பார்கள்.

வயதாகிவிட்டபடியால் இப்போது இரண்டு பேரைத்தான் வைத்துக்கொள்கிறேன். அவர்களில் ஒருவன் 2027-ல் அந்தப் புதிய தேர்வை எழுதுகிறவன். கணிதத்தை நடுத்தரத்தில் எடுத்திருக்கிறான். அடுத்த தரத்துக்கு மாறலாமா என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். போன வாரம் அவன் தாயார் தொலைபேசியில், மற்றப் பிள்ளைகள் திரிகோணமிதியை முடித்துவிட்டார்களாம், நாம் எங்கே இருக்கிறோம் என்று விசாரித்தார். சைனும் கோசைனும் செங்கோண முக்கோணத்தில் மட்டும்தானா, தொண்ணூறு பாகைக்கு மேற்பட்ட கோணத்துக்கு எப்படி அர்த்தம் வருகிறது என்று பையன் கேட்டிருக்கிறான், அதிலேயே இருக்கிறோம், இன்னும் இரண்டு வாரம் அதிலேயே இருப்போம் என்று சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “சரிங்க சார்” என்றார்.